268 மில்லிலிட்டர் பனி

வியன்னாவில் என்னென்ன பார்க்கலாம் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கிருந்து வீடு வந்து சேர்ந்ததைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. போகும்போது நாம் பயணி, திரும்பும்போது மூட்டை என்கிற நினைப்பு போலும். நான் எழுதப்போவது அந்த மூட்டையின் கதையை.

சொல்வது யார் என்று தெரிந்தால்தான் சொல்வதற்கு அர்த்தம். ஆகவே என்னைப் பற்றி இரண்டு வரி. வயது 62. மதுரையில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சைவம். இடது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. கூட வருவதாக இருந்த தம்பி மகனுக்குக் கடைசி வாரத்தில் விடுப்பு ரத்தாகிவிட்டதால், செப்டம்பரில் எட்டு நாள் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினேன். டிக்கெட் எமிரேட்ஸ், வியன்னாவிலிருந்து துபாய், துபாயிலிருந்து சென்னை.

டிக்கெட்டை விமான நிறுவனத்திடம் நேராக வாங்கவில்லை. முன்பதிவு இணையதளம் ஒன்றில் 1,900 ரூபாய் குறைவாக இருந்தது. பெயரைச் சொல்ல விருப்பமில்லை. சைவ உணவு என்ற கட்டத்தில் குறியிட்டேன். நடைபாதை ஓர இருக்கைக்கு 1,400 ரூபாய் தனியாகக் கட்டினேன். இரண்டுமே விமான நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை. போகும்போது நடு இருக்கையில் இரண்டு பேருக்கு இடையே பிழிபட்டு, பணிப்பெண் தேடிக் கொண்டுவந்து கொடுத்த ரொட்டியும் பழமும் சாப்பிட்டுக்கொண்டு போனேன். அவர்களுடைய பட்டியலில் என் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை என்று காட்டினாள். அந்த இணையதளத்தைத் தொலைபேசியில் அழைத்தால் இயந்திரம்தான் பேசியது.

அதனால் திரும்பும் பயணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே, வியன்னா விடுதியில் உட்கார்ந்து, முன்பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் போட்டு எமிரேட்ஸ் தளத்துக்குள் நுழைந்து பார்த்தேன். உணவுப் பகுதி காலி. எங்கே டிக்கெட் வாங்கினாலும் இப்படி ஒருமுறை விமான நிறுவனத்தின் தளத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால் உணவு வந்துவிடும்.

குடும்பப் பெயர் என்றேன். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. ஆகவே எட்டு நாளும் விடுதியிலும் விமானத்திலும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மானாமதுரையைத் தாண்டி ரயிலில்கூடப் போயிராத மனிதர் அவர்.

உணவைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விஜிஎம்எல் என்ற குறியீட்டைப் பார்த்ததும் ‘வெஜிடேரியன், நமக்கானது’ என்று அழுத்திவிடுகிறார்கள். அது பாலும் நெய்யும் இல்லாத மேல்நாட்டுச் சைவம். அவித்த காய்கறி வந்து நிற்கும். நமக்கு வேண்டியது ஏவிஎம்எல், இந்திய முறைச் சைவம். படத்தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் போல இருப்பதால் நினைவில் வைப்பது எளிது. வெங்காயம், பூண்டு வேண்டாதவர்களுக்கு ஜைன உணவு தனியாக இருக்கிறது.

இருக்கை அடுத்த கதை. இணையவழிச் செக்-இன் 48 மணி நேரத்துக்கு முன் திறக்கிறது. அதற்கு முன் இருக்கை பிடிக்க மலிவுக் கட்டணக்காரர்கள் பணம் கட்ட வேண்டும். திறந்த பிறகு மிச்சமிருப்பதில் சும்மா எடுத்துக்கொள்ளலாம். நான் வந்த இரண்டு விமானமும் போயிங் 777. வரிசைக்கு மூன்று, நான்கு, மூன்று. தனியாக வருகிறவர் நடைபாதை ஓரம் வேண்டுமென்றால் நடுவிலுள்ள நான்கில் எடுக்க வேண்டும். கணக்கு எளியது. பக்கவாட்டு மூன்றில் ஓரத்தில் உட்கார்ந்தால், உள்ளே இருக்கும் இரண்டு பேரும் உங்களை எழுப்பித்தான் கழிப்பறைக்குப் போக முடியும். நடு நான்கில் உங்களைத் தாண்ட வேண்டியவர் ஒருவர்தான். மற்றவர் அந்தப் பக்கமாகப் போய்விடுவார். தொந்தரவு பாதி. எனக்கு அப்படி ஓர் ஓரம் கிடைத்தது.

கிளம்பும் நாள் வந்தது. விமான நிலையத்துக்குப் பளபளவென்று சிஏடி என்றொரு ரயில் இருக்கிறது. வீன் மிட்டே நிலையத்திலிருந்து 16 நிமிடம். அதே நிலையத்திலிருந்து எஸ்7 என்ற புறநகர் ரயிலும் போகிறது. பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், கட்டணமோ மூன்றில் ஒரு பங்கு. எட்டு நாள் ஊர் சுற்றிய பிறகு பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து என்ன செய்வது? எஸ்7 வழியில் மத்தியக் கல்லறைத் தோட்டம் வருகிறது. முந்தின நாள்தான் அங்கே போயிருந்தேன். கூட்டமெல்லாம் பீத்தோவன், ஷூபர்ட் பக்கம் நின்றது. நான் இயற்பியல் மேதை லுட்விக் போல்ட்ஸ்மன் கல்லறையைத் தேடிப் போனேன். மார்பளவுச் சிலைக்கு மேலே அவருடைய சமன்பாட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதருக்குச் சிலைக்கு மேல் சூத்திரம் எழுதி மரியாதை செய்த ஊர். ரயிலிலிருந்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

பனிக்கோளத்தின் கதை இனிமேல்தான். கண்ணாடிக் கோளத்தைக் குலுக்கினால் உள்ளே பனி பெய்யுமே, அதற்குப் பேர்போன ஊர் வியன்னா. 1900 வாக்கில் எர்வின் பெர்ட்சி என்ற அறுவைச் சிகிச்சைக் கருவி வல்லுநர், விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டுவதற்காகத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தில் எதையெதையோ போட்டுப் பார்த்தார். ரவையைப் போட்டதும் அது மெதுவாக இறங்கிப் பனி போலத் தெரிந்தது. வெளிச்சம் கூடவில்லை, வியாபாரம் பிறந்தது. ஹெர்னால்ஸ் பகுதியில் அந்தக் குடும்பம் இன்றும் இதைச் செய்கிறது. இப்போது உள்ளே போடுவது என்ன என்பதைக் குடும்ப ரகசியமாக வைத்திருக்கிறார்கள். புனித ஸ்டீபன் தேவாலயம் உள்ளே நிற்கும் 80 மில்லிமீட்டர் கோளம் ஒன்றை, வராமல் போன தம்பி மகனுக்காக வாங்கினேன். பெட்டியில் போட்டால் உடையும் என்று கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

செக்-இன் கவுன்டரில் இருந்த இளம்பெண் என் சூட்கேஸை எடை போட்டாள். பிறகு கைப்பையையும் வைக்கச் சொன்னாள். அனுமதி 7 கிலோ, என்னுடையது 6.4. அத்தோடு விட்டிருக்கலாம். “உள்ளே பனிக்கோளம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சின்னதுதான்” என்றேன். “எவ்வளவு சின்னது?”

கையில் எடுத்துக் காட்டிய அந்த நொடியில்தான் மூளை வேலை செய்தது. ஆரம் 4 சென்டிமீட்டர். நான்கின் கீழ் மூன்று, பை, ஆரத்தின் முப்படி. 268 மில்லிலிட்டர். பாதுகாப்புச் சோதனையில் விடுவது 100 மில்லிலிட்டர். வாழ்நாளெல்லாம் கோளத்தின் கன அளவை நடத்திய எனக்கு, என் பைக்குள் இருந்தது ஒரு திரவப் பாத்திரம் என்று உறைக்கவில்லை.

அவள் நகரும் பட்டையை நிறுத்தினாள். சூட்கேஸை இறக்கித் தந்து, ஓரமாக வைத்துத் திறக்கச் சொன்னாள். வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பேராவது நின்றிருப்பார்கள். தரையில் உட்கார முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதைப் பார்த்து, அவளே சுற்றிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்து பிடித்துக்கொண்டாள். சுங்குடிச் சேலை ஒன்றில் கோளத்தைச் சுருட்டி, இரண்டு சால்வைக்கு நடுவில் செருகினேன். இன்னொரு முறை எடை போட்டு அனுப்பிவைத்தாள். மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

இருவராகப் போகிறவர்களுக்கு இந்த நான்கு நிமிடத்தின் மதிப்பு தெரியாது. ஒருவர் மறந்ததை இன்னொருவர் நினைவூட்டுவார். ஒருவர் பையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் கழிப்பறைக்குப் போய் வருவார். தனியாகப் போகிறவருக்கு அந்த இரண்டாவது ஆள் கிடையாது. கழிப்பறைக் கதவுக்குள்ளும் சாமான்களோடுதான் நுழைய வேண்டும். அந்த இடத்தில் ஓர் அந்நியப் பெண் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டாள். இருக்கையில் எத்தனை அங்குலத் திரை, எத்தனை நூறு படம் என்பதெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான். பாதுகாப்புச் சோதனையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், விட்டுப்போக வேண்டியிருந்த பெரிய பனிக்கோளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது மறக்காது.

வியன்னாவிலிருந்து துபாய் ஐந்தரை மணி நேரம். பக்கத்து இருக்கையில் வியன்னா மருத்துவமனையில் வேலை பார்க்கும் கோட்டயத்துச் செவிலியர். இரவுப் பணி முடித்து நேராக வந்தவர். கிளம்புவதற்கு முன்பே தூங்கிவிட்டார், சாப்பாட்டுக்கும் எழவில்லை. நான் எதிர்பார்த்த தொந்தரவு ஒன்று. நடந்தது பூஜ்யம். சிறப்பு உணவுக்காரர்களுக்கு முதலில் தட்டு வந்துவிடும். பணிப்பெண் அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டு, என் கையில் கொடுத்தாள். சோறு, பருப்பு, பனீர், சிறு பொட்டலத்தில் ஊறுகாய். வடக்கத்திக் கை, ஆனால் சூடாகவும் உப்பு உறைப்போடும் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டு முடிப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. வண்டி வரிசை வரிசையாக வந்து தட்டை எடுக்கும் வரை, காலித் தட்டோடு மடிப் பலகைக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக நினைப்பவர்கள் தட்டு வருவதற்கு முன்பே போய்வந்துவிடுவது உத்தமம். தமிழ்ப் படங்கள் இருந்தன. நான் விமானத்தின் வெளிப்புறக் கேமராவைப் போட்டு, மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

துபாயில் நான்கு மணி நேரக் காத்திருப்பு. சென்னை விமானம் இரவு இரண்டே முக்காலுக்கு. இங்கே இன்னொரு பாதுகாப்புச் சோதனை உண்டு, தண்ணீர் பாட்டிலை மறுபடி காலி செய்ய வேண்டும். தனியாக இருப்பவர்கள் இந்த நேரத்தில் தூங்குவது ஆபத்து. வாயில் கதவு புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே மூடிவிடும், எழுப்ப ஆள் கிடையாது. நான் கைப்பையின் வாரைக் காலில் மாட்டிக்கொண்டு, கைபேசியில் இரண்டு அலாரம் வைத்து, இரண்டுக்கும் முன்பே விழித்துக்கொண்டேன். சென்னை விமானத்தின் வாயிலை நெருங்கியதும் பலகையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. எட்டு நாளுக்குப் பிறகு நாலாபக்கமும் தமிழ்.

இரண்டாவது விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூங்கினேன். சாப்பாட்டுக்காக எழுப்பினார்கள். மறுபடி தூங்கினேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு விமானத்தையும் ஒரே முன்பதிவில் எடுங்கள், குறிப்பாக ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி, அங்கிருந்து புறப்படும் எந்த நாட்டு நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். ஒரே முன்பதிவாக இருந்தால், கடைசி ஊரான சென்னைக்கு எவ்வளவு தாமதமாகச் சேர்ந்தோம் என்பதுதான் கணக்கு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் 600 யூரோ. மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் என்றால் அதைப் பாதியாகக் குறைக்கலாம். புயல் போன்ற, அவர்கள் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. நாம் இங்கிருந்து வளைகுடா நிறுவனத்தில் போகும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. போவதைவிட வருவதற்குக் காப்பு அதிகம் என்பது வினோதம்தான். எனக்குத் தேவைப்படவில்லை, இரண்டு விமானமும் நேரத்துக்கு வந்தன.

காலை எட்டே கால் மணி சுமாருக்குச் சென்னை. சூட்கேஸ் வந்தது. எழும்பூருக்குப் போய் மதுரை ரயில் பிடிக்கிறவர்களே அதிகம். நான் எதிரே இருக்கும் திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போனேன். பிற்பகல் வைகை அங்கே நின்றுதான் போகும். காத்திருப்பு அறையில் சூட்கேஸைத் திறந்து, சுங்குடியைப் பிரித்துப் பார்த்தேன். சேலை கசங்கியிருந்தது. கோளத்தில் கீறல் இல்லை. பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் முழுவதும் ஒருமுறை வாங்கிக் குலுக்கிப் பார்த்தது.

அங்கே உட்கார்ந்து இன்னொரு கணக்கும் போட்டேன். இணையதளத்தில் மிச்சம் பிடித்தது 1,900. கிடைக்காத இருக்கைக்குக் கட்டியது 1,400. நிகர லாபம் 500 ரூபாய். எஸ்7 டிக்கெட்டுக்கு ஆயிற்று. அடுத்த முறை டிக்கெட்டை நிறுவனத்திடமே வாங்குவேன்.

1,400 ரூபாயை மீட்கும் பொறுப்பைத் தம்பி மகனிடம் விட்டிருக்கிறேன். 47 நாள் ஆகிறது. பனிக்கோளம் அவனுடைய கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இணையதளத்தின் அரட்டைப் பெட்டியில் ‘எங்கள் பிரதிநிதி இணைகிறார்’ என்று வரும்போதெல்லாம் எடுத்துக் குலுக்குகிறான். பனி முழுக்க அடங்கிய பிறகும் பிரதிநிதி இணைவதில்லை.