பூண்டி மாதா பேராலயமும் சுவாமிமலை வார்ப்புப் பட்டறையும்: ஒரு நாள் சுற்றுலா அனுபவம்

சென்ற மாதம் தஞ்சாவூரிலிருந்து புறப்பட்ட ஒரு நாள் சுற்றுலாவில், வழிகாட்டியுடன் பூண்டி மாதா பேராலயத்தையும் சுவாமிமலையில் ஓர் ஐம்பொன் வார்ப்புப் பட்டறையையும் பார்த்து வந்தேன். பட்டறைக்காக மட்டுமே மறுபடியும் பணம் கட்டிப் போவேன். பேராலயத்துக்கு ஒதுக்கிய முக்கால் மணி நேரம்தான் போதவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள பூண்டி ஆலயத்தின் தொடக்கத்தை வீரமாமுனிவரோடு சேர்த்தே சொல்வது மரபு. 1999ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதைப் பசிலிக்கா என்னும் பேராலயத் தகுதிக்கு உயர்த்தினார். இத்தாலியிலிருந்து வந்த துறவியான வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்து வடிவில் வேறுபடுத்தியதை வழிகாட்டி மணலில் விரலால் எழுதிக் காட்டியபோது, உடன் வந்த பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து அமர்ந்துவிட்டார்கள். அப்படி விளக்கத் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கொடுத்திருக்க வேண்டும். வேண்டுதலுக்காக வந்தவர்கள் அமர்ந்து செபிக்கக்கூட நேரமின்றி வண்டி ஏறியது எனக்கு வருத்தமாக இருந்தது.

சுவாமிமலையில் அந்த அவசரம் இல்லை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் கை, கால், முகம் எனத் தனித்தனியாகச் செய்து, சூடேற்றிய இரும்பால் ஒட்டவைத்து, தென்னை ஓலை நறுக்கை மடித்து எடுத்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகத் தடவி நிழலில் உலர்த்துகிறார்கள். எத்தனையோ அடுக்குகளாக மண் ஏறினாலும் சிலையின் முகத்தைத் தீர்மானிப்பது இந்த முதல் பூச்சுதான். "ஆத்து வண்டல் இல்லேன்னா கண்ணிமை பதியாதும்மா" என்றார் மூத்த சிற்பியான ஸ்தபதி. என் விரலில் ஒரு துளி தடவிக் கொடுத்தார். உலர்ந்ததும் உரித்துப் பார்த்தபோது ரேகை முழுவதும் அதில் இருந்தது. பிறந்தது முதல் இந்த மண்ணை மிதித்து வந்தும் அதன் நயத்தை அன்றுதான் அறிந்தேன்.

பிறகு வறட்டி நெருப்பில் இந்த மண் அச்சைச் சுட, மெழுகு உருகி வெளியேறுகிறது. மெழுகின் எடையைப் போல் ஏறத்தாழ எட்டு ஒன்பது மடங்கு உலோகத்தை உருக்கி, குழியில் நிறுத்திய அச்சின் வாயில் நூல் போன்ற ஒழுக்கு அறுபடாமல் ஊற்றுகிறார்கள். ஊற்று நடுவில் நின்றால் வார்ப்பு கெட்டுவிடுமாம். அதனால் அந்த ஒரு நிமிடம் பட்டறையில் யாரும் பேசவில்லை. ஆறிய பின் அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும் என்பதால், அந்த அச்சில் இன்னொரு சிலை பிறப்பதில்லை. உளி வேலைக்கு அதன் பிறகும் பல நாட்கள் ஆகும்.

வார்ப்பு தினமும் நடப்பதில்லை. முன்பதிவு செய்யும்போதே உலோகம் ஊற்றும் நாளைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மெழுகு வேலையும் உளி வேலையும் மட்டுமே காணக் கிடைக்கும். உலைக்கு அருகில் நிற்க வேண்டியிருப்பதால் பருத்தி உடையும் மூடிய செருப்பும் அவசியம். சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் ஊற்றும் நேரத்தில் வாசல் திண்ணையிலிருந்தே பார்க்கலாம்; அங்கிருந்தும் குழி நன்றாகத் தெரிகிறது.