வேளை தவறிக் காய்க்கும் ராஸ்பெர்ரி: தரையோடு வெட்டுவதா, நுனியை மட்டும் வெட்டுவதா?

கோடையில் காய்க்க வேண்டிய ராஸ்பெர்ரி, இலையுதிர் காலத்தில் நுனியில் நாலு பழம் காட்டும். இலையுதிர் கால வகை என்று வாங்கி நட்டதோ கோடை பிறந்ததுமே பழுத்து நிற்கும். கவாத்து செய்யப் போகிறவருக்கு அங்கேதான் குழப்பம். தண்டுகளைத் தரையோடு வெட்டுவதா, காய்த்த நுனியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை விடுவதா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எந்த மாதம் பழுத்தது என்பதைவிட, தண்டின் வயது என்ன, அதில் எந்த இடத்தில் பழுத்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ராஸ்பெர்ரியின் வேர் பல ஆண்டு வாழும். தண்டின் ஆயுள் இரண்டே ஆண்டு. டுலமீன், கிளென் ஆம்பிள் போன்ற கோடை வகைகளில் முதல் ஆண்டுத் தண்டு இலையோடு வளர்ந்து நிற்கும். அடுத்த கோடையில் அதே தண்டு பக்கக்கிளை விட்டுக் காய்த்து, பிறகு காய்ந்துவிடும். ஹெரிடேஜ் (இது 1969இல் வெளியானது), ஆட்டம் பிளிஸ், ஜோன் ஜே போன்ற இலையுதிர் கால வகைகளில் முதல் ஆண்டே நுனி பூத்துவிடும். வாழை மாதிரி குலை தள்ளியதும் தண்டின் வேலை முடிந்தது என்று இங்கே நினைக்கக் கூடாது. காய்த்த நுனி மட்டும்தான் பட்டுப்போகும். அதற்குக் கீழே உள்ள மொட்டுகள் குளிர்காலத்தில் உறங்கி, அடுத்த கோடையின் தொடக்கத்தில் இன்னொரு முறை பழம் தரும். இலையுதிர் கால வகை கோடையில் காய்த்தது என்றால், போன குளிர்காலத்தில் அதை யாரும் வெட்டவில்லை என்று அர்த்தம். கோடை வகை நுனியில் காய்த்தால், சூடான பருவம் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம்.

தரையோடு வெட்டுவதன் பெரிய பலம் அதன் எளிமை. எது பழைய தண்டு, எது புதியது என்று தேடவே வேண்டாம். குளிர்காலக் கடைசியில், மொட்டு அசைவதற்கு முன்பு, அடிக்கட்டை மிஞ்சாமல் மண்ணை ஒட்டி எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். தண்டில் தங்கும் பூஞ்சை நோய்களும் அதோடு தோட்டத்தை விட்டுப் போகும். பழம் பறித்த கையோடு வெட்டிவிட வேண்டாம். இலை பச்சையாக இருக்கும்வரை அது வேருக்கு உணவு அனுப்பிக்கொண்டிருக்கும். செடியின் பலம் முழுவதும் புதுத் தண்டுகளுக்கே போவதால், இலையுதிர் கால அறுவடை நன்றாகவே இருக்கும். உறைபனி சீக்கிரம் இறங்கும் இடங்களுக்கு மட்டும் இந்த வழி ஒத்துவராது. பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே பனி கருக்கிவிட்டால் அந்த ஆண்டுக்கு வேறு பழம் கிடையாது. பருவத்தின் பிற்பகுதியில்தான் பழ ஈக்கள் பெருகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நுனியை மட்டும் வெட்டும் வழிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ராஸ்பெர்ரியைப் பறிக்கும்போது நடுவில் உள்ள வெள்ளைக் கூம்பு செடியிலேயே நின்றுவிடும். குளிர்காலத்தில் அது பழுப்பாகக் காய்ந்து காம்போடு ஒட்டியிருக்கும். தண்டின் உச்சியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தால், அந்தக் கூம்புகள் ஒரு கணுவோடு நின்றுபோவது தெரியும். அதற்குக் கீழ்க் கணுக்களில் இன்னும் விரியாத மொட்டுகள் இருக்கும். கத்தரியை அந்த இரண்டுக்கும் நடுவில் வையுங்கள், அவ்வளவுதான். கோடையில் அந்தக் கீழ்ப்பகுதி காய்த்து முடிந்ததும் தண்டைத் தரையோடு எடுத்துவிடலாம். அதற்குள் அது பழுப்பேறி, பட்டை உரியத் தொடங்கியிருக்கும். பக்கத்தில் பச்சையாக நிற்கும் புதுத் தண்டோடு குழம்ப வாய்ப்பில்லை.

இப்படி ஆண்டுக்கு இரண்டு அறுவடை கிடைக்கும், ஆனால் இரண்டும் கொஞ்சம் சிறுத்துத்தான் வரும். பழைய தண்டும் புதுத் தண்டும் ஒரே இடத்தில் முண்டியடிப்பதால் காற்றோட்டம் குறையும், பழத்தில் சாம்பல் பூஞ்சை எளிதில் ஏறும். அதனால் மெலிந்த தண்டுகளை இரக்கம் பார்க்காமல் எடுத்துவிட்டு, தண்டுக்குத் தண்டு சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கம்பி கட்டித் தாங்க வேண்டும். இந்த வேலைக்கு நேரம் இல்லாதவர்கள் இரண்டு அறுவடைக்கு ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.

இலையுதிர் கால வகைதான் என்று உறுதியாகத் தெரிந்து, பருவமும் போதுமான அளவு நீளமாக இருந்தால், நான் தரையோடு வெட்டுவதையே சொல்வேன். கோடை வகை நுனியில் காய்த்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நுனியை மட்டும்தான் எடுக்க வேண்டும். அதைத் தரையோடு வெட்டினால் அடுத்த கோடையின் பழம் மொத்தமும் போய்விடும். ஆண்டுதோறும் அப்படியே செய்தால் இலை மட்டும் செழித்த புதர்தான் மிஞ்சும். நல்ல செடியை இப்படி வெட்டியே மலடாக்கிவிட்டு, வகை சரியில்லை என்று பிடுங்கிப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, வகையே தெரியாத செடி என்றால்? அப்போது தயங்காமல் நுனி வெட்டுதான். அந்த முடிவு தவறாகப் போனாலும் ஒரு கோடைக்குக் கொஞ்சம் நெரிசல் இருக்கும், அவ்வளவுதான். தரையோடு வெட்டியது தவறானால் ஓர் ஆண்டுப் பழம் போகும். வரிசை நீளமாக இருந்தால் ஒரு ஓரத்தை மட்டும் குளிர்காலக் கடைசியில் தரையோடு வெட்டிப் பாருங்கள். அங்கே முளைக்கும் தண்டுகள் அதே ஆண்டில் நுனி முழுக்கத் தாராளமாகக் காய்த்தால் அது இலையுதிர் கால வகை. நாலைந்து பழத்தோடு நின்றுவிட்டால் கோடை வகையாகவே வைத்துக்கொண்டு, அந்தத் தண்டுகளை அடுத்த கோடை வரை விட்டுவையுங்கள்.