வீனஸ் ஃப்ளைட்ராப் விதை என்று சொல்லி சப்ஜாவை விற்கிறார்கள், உஷார்!

பூச்சி தின்னும் செடிகளை விதை போட்டு வீட்டுக்குள் வளர்க்க ஆசைப்படுபவர்கள், ஆன்லைனில் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு ஷாப்பிங் தளத்தில் வீனஸ் ஃப்ளைட்ராப் விதை வாங்கினேன். பாக்கெட்டின் மேல் வாய் பிளந்த செடியின் படம், உள்ளே கறுப்பு விதைகள். பீட் மாஸும் பெர்லைட்டும் கலந்து நடவுக் கலவை செய்து, பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் நனைத்து, மேலாகத் தூவினேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு உறை. ஃபலூடாவில் போடுவார்களே, அதே சப்ஜா! எதற்கும் இருக்கட்டும் என்று வளரவிட்டு, இலை வந்ததும் கசக்கி முகர்ந்தேன். திருநீற்றுப்பச்சிலை வாசனை தூக்கியடித்தது.

விற்றவர்களுக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டதற்கு, "உங்க மண்ணுல வேற விதை கலந்திருக்கும், இன்னும் வெயிட் பண்ணுங்க" என்று பதில். அப்புறம் ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது என்றார்கள். இவர்கள் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. அசல் விதை முளைக்கவே பல வாரம் ஆகும், அதற்குள் ரிட்டர்ன் கெடு போய்விடும். முளைக்காவிட்டால் பழி நம் தண்ணீர் மேல், மண் மேல். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதை நம்பி ஆசையையே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அதனால் பார்சல் வந்த அன்றே, பிரிப்பதில் இருந்து வீடியோ எடுங்கள். இரண்டு விதையை ஸ்பூன் தண்ணீரில் போட்டு கால் மணி நேரம் பாருங்கள். அசல் ஃப்ளைட்ராப் விதை ஒரு மில்லிமீட்டர் அளவில், பளபளப்பான கறுப்பாக, ஒரு முனை கூராக இருக்கும், இப்படி ஜெல்லி கட்டாது. பசை இலையால் பூச்சி பிடிக்கும் ட்ரோசெராவின் விதை மூக்குப்பொடி மாதிரி. குடுவைச் செடியான நெபந்தஸின் விதை மெல்லிசாக, நீளமாக, நடுவில் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும், சீக்கிரமே முளைப்புத்திறனும் போய்விடும். "மேகாலயா காட்டு விதை" என்று யாராவது விற்றால் தொடவே தொடாதீர்கள். அங்கே வளரும் நெபந்தஸ் காசியானா அழியும் நிலையில் இருக்கும் இனம்.

நீல நிற ஃப்ளைட்ராப் உலகத்தில் கிடையாது. "30 நாளில் பெரிய செடி" என்பதும் பொய், விதையிலிருந்து முழுசாக வளர மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். ஏமாந்தவர்கள் பாக்கெட்டையும் பில்லையும் தூக்கிப் போடாமல் நீங்களும் கொடுங்கள்.