கிட்டங்கியில் டைனமிக் டிஎன்எஸ்: பல ஏலக்காய் சீசன்களுக்குப் பிறகு

குமுளியில் கிட்டங்கி, வண்டன்மேட்டில் கொள்முதல் கடை, போடியில் ஆபீஸ். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கும் ஓர் ஏலக்காய் வியாபாரத்தின் நெட்வொர்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன். மெஷின் பெயரைக் கேட்டால் அதன் ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸுக்கு பைண்ட் 9 என்ற மென்பொருள். மெஷின்களுக்கு ஐபி கொடுக்கும் டிஎச்சிபி வேலைக்கு முதலில் ஐஎஸ்சி என்ற அமைப்பின் ஐஎஸ்சி டிஎச்சிபி இருந்தது, இப்போது அதே அமைப்பின் கீயா. புது மெஷினில் கேபிளைச் செருகினால் அதன் பெயர் தானாக டிஎன்எஸ்ஸில் ஏற வேண்டும் (அதுதான் டைனமிக் டிஎன்எஸ்), அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. 1997-இல் ஆர்எஃப்சி 2136 என்ற இணையத் தர ஆவணம் சொன்ன அதே முறைதான் இன்றும் ஓடுகிறது. அந்த முறை எனக்கு இதுவரை தொல்லை கொடுத்ததில்லை. தொல்லையெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் மூன்றில்தான்: கடிகாரம், ஃபைல் அனுமதி, ஒரு பெயர் யாருக்குச் சொந்தம் என்கிற கணக்கு.

கோளாறு தெரியவரும் விதமே குழப்பம். "அண்ணே, லேபிள் பிரிண்டரைக் காணோம்ணே" என்று கிட்டங்கியிலிருந்து போன் வரும். பிரிண்டர் மேசையில்தான் இருக்கும், ஐபியும் வாங்கியிருக்கும், பெயர் மட்டும் பதிவாகியிருக்காது. டிஎச்சிபி தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவதால் எல்லோரும் பிரிண்டரைத்தான் திட்டுவார்கள்.

இதில் அதிகம் படுத்தியது கடிகாரம். ஜூனில் மழை பிடித்துவிட்டால் குமுளியில் கரண்ட் போவதும் வருவதும் சகஜம். யுபிஎஸ்ஸும் தீர்ந்து டிஎன்எஸ் மெஷின் அணைந்தது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி செத்திருந்ததால், மறுபடி எழும்போது பல வருடம் பின்னால் போய் நின்றது. டிஎச்சிபி டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பும் அப்டேட்களுக்கு டிசிக் சாவியால் (இரண்டு பக்கத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவி) கையெழுத்து போடுகிறோம். அந்தக் கையெழுத்தில் நேரமும் சேர்ந்திருக்கிறது; இரண்டு மெஷின்களின் கடிகாரத்துக்கும் இடையே வழக்கமாக 300 வினாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்வர் ஏற்காது. வருகிற பதில் 'நாட்ஆத்'. இந்த ஸோனுக்கு (ஒரு டொமைனின் பெயர்ப் பட்டியல்) நான் பொறுப்பில்லை என்பதற்கும் அதே பதில்தான் என்பதால், சர்வர் பக்கத்து லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) 'பேட்டைம்' என்ற சொல்லைப் பார்க்கும் வரை ஸோன் அமைப்பையே சந்தேகப்படத் தோன்றும்.

சரி, நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் என்டிபி தானாக நேரத்தைத் திருத்திவிடாதா? அங்கேதான் முடிச்சு. என்டிபி சர்வர்களைப் பெயரால் கொடுத்திருந்தோம். அந்தப் பெயரைத் தேட டிஎன்எஸ் மெஷின் தன்னையேதான் கேட்கிறது. அதில் டிஎன்எஸ்செக், அதாவது வரும் பதில்களின் கையெழுத்தைப் பார்க்கும் சரிபார்ப்பு, ஓடுகிறது. கடிகாரம் தப்பாக இருந்தால் எல்லாப் பெயர்களுக்கும் மேலே இருக்கும் ரூட் ஸோனின் கையெழுத்தே செல்லாது, எந்த வெளிப்பெயரும் தேறாது. நேரம் தெரிய டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ் வேலை செய்ய நேரம் வேண்டும். வெளி இணையம் மொத்தமும் செத்தது போலத் தெரிவதால் பழி லைன்காரர் தலையில் விழும். புது பேட்டரி போட்டு, என்டிபி மென்பொருளான க்ரோனிக்கு உள்ளூர் ரூட்டரின் ஐபியையே நேரம் தரும் இடமாகக் கொடுத்தபின் இந்தத் தொல்லை திரும்பவில்லை. பேட்டரி விலை ஒரு டீ, இரண்டு பழம்பொரிக்கு ஆகிற காசுதான்.

ஃபைல் அனுமதி சின்ன விஷயம், ஆனால் கண்ணில் படாது. டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸிலும் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு, பைண்டை அதன் ஈடிசி ஃபோல்டரில் (/etc/bind) எழுத விடாது. ஸோன் ஃபைல் அங்கே இருந்தால் படிக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், அப்டேட் வந்தால் மட்டும் 'செர்வ்ஃபெயில்'. மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று லாகில் இருக்கும். ஃபோல்டரை யாரும் எழுதலாம் என்று திறந்துவிட்டாலும் பயனில்லை, தடுப்பது ஆப்ஆர்மர். வார் லிப் பைண்ட் (/var/lib/bind) ஃபோல்டருக்கு ஸோன் ஃபைலை மாற்றினால் தீர்ந்தது. இதோடு சேர்ந்த இன்னொன்று: வரும் மாற்றங்கள் முதலில் ஜர்னலில் நிற்கும், ஸோன் ஃபைலுக்குப் போய்ச் சேர 15 நிமிடம் வரை ஆகலாம். நடுவில் கையால் ஸோன் ஃபைலைத் திருத்தினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பைண்டுக்குக் கட்டளையிடும் ஆர்என்டிசியில் 'ஃப்ரீஸ்' (நிறுத்து) கொடுத்து, திருத்தி, 'தா' (thaw, மறுபடி விடு) கொடுக்க வேண்டும்.

ஐஎஸ்சி டிஎச்சிபிக்கு 2022-இல் ஐஎஸ்சியே ஆதரவை நிறுத்தியதால் கீயாவுக்கு வந்தோம். ஐபி கொடுப்பதில் குறையே இல்லை. டிஎன்எஸ் அப்டேட்டுக்கு அதில் தனி டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்), டிஎச்சிபியோடு பேசுவது 53001 போர்ட்டில். அதைத் தனியாக எழுப்பிவிட வேண்டும். ஆனால் உண்மையான அடி பழைய பதிவுகளிலிருந்து வந்தது. பழைய சர்வர் ஒவ்வொரு பெயரோடும் இது யாருடையது என்று ஒரு டிஎக்ஸ்டி (வெறும் எழுத்து) ரெக்கார்டில் எழுதி வைத்திருந்தது. கீயா பார்ப்பது அதற்கென்றே உள்ள டிஎச்சிஐடி ரெக்கார்டை. பெயர் இருக்கிறது, தனக்குத் தெரிந்த அடையாளம் இல்லை. ஆகவே வேறொருவன் சொத்து என்று தொடாமல் விட்டுவிடும். புது மெஷின்களெல்லாம் பதிவாக, பழைய மெஷின்கள் மட்டும் பழைய ஐபியோடு உறைந்து நின்றது இதனால்தான். பழைய ரெக்கார்டுகளைத் துடைத்துவிட்டு மறுபடி பதிய விடுவதுதான் சுத்தமான வழி என்பது என் கருத்து. பெயர் யாருடையது என்று பார்க்கும் மோதல் சோதனையைத் தளர்த்தும் அமைப்பும் கீயாவில் உண்டு. அதை நெட்வொர்க் முழுவதற்கும் போட எனக்கு மனமில்லை.

எங்கே சிக்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க நான் கைவைப்பது, கையால் டிஎன்எஸ் அப்டேட் அனுப்பும் என்எஸ்அப்டேட் கட்டளையில். டிஎச்சிபி மெஷினிலேயே உட்கார்ந்து, அதே சாவியைக் கொடுத்து, ஒரு சோதனைப் பெயரைச் சேர்த்துப் பார்ப்பேன். அது போனால் டிஎன்எஸ் பக்கம் சுத்தம், டிஎச்சிபியைக் குடையலாம். 'ரெஃப்யூஸ்டு' வந்தால் சிக்கல் அப்டேட் பாலிசியில், அதாவது யார் எதை மாற்றலாம் என்ற அனுமதியில். முன்பக்க ஸோனுக்கு (பெயரிலிருந்து ஐபி) அனுமதி கொடுத்துவிட்டு ரிவர்ஸ் ஸோனுக்கு (ஐபியிலிருந்து பெயர்) கொடுக்காமல் விடுவது ரொம்பச் சாதாரணம், அதனால் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

அப்புறம் வாடகை கம்ப்யூட்டர்கள். அறுவடை சூடுபிடித்ததும் தரம் பிரிக்கும் இடத்துக்குக் கூடுதல் மெஷின் எடுப்போம், ஒரே இமேஜிலிருந்து (தயார் சிஸ்டம் நகல்) போட்டவை, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். முதலில் வந்தது பெயரைப் பிடித்துக்கொள்ளும், மற்றவற்றை கீயா மறுத்துவிடும். அது செய்வது நியாயம்தான். அவற்றுக்கென்று தனி சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) பிரித்து, கீயா தானே பெயர் வைக்கும்படி விட்டிருக்கிறேன். எடை மெஷினும் லேபிள் பிரிண்டரும் இடம் மாறாதவை; அவற்றை டைனமிக்கிலிருந்தே எடுத்து நிலையான ரெக்கார்டாக எழுதிவிட்டேன்.