உப்புக் காற்றில் ஸ்விட்ச்சா, ஸ்டீம் டெக்கா?

சபுர் (வெளிநாட்டு வேலைக்கு) போயிருக்கும் காக்கா, அதாவது அண்ணன், அடுத்த மாதம் லீவில் கீழக்கரைக்கு வருகிறார். லாத்தா (அக்கா) மகன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். அவனுக்குக் கையடக்க கேம் கருவி ஒன்று வேண்டுமாம். "நின்டெண்டோ ஸ்விட்ச் ஓலெட் எடுக்கவா, ஸ்டீம் டெக் எடுக்கவா? நீதானே இதிலேயே கிடக்கிறவன், சொல்லு" என்று துபாயிலிருந்து கேட்டார்.

ஸ்டீம் டெக் கம்ப்யூட்டர் கேம்களை ஓட்டும் கருவி, ஓலெட் என்பது ஒரு திரை வகை. என்னிடம் இருப்பது 2022-இல் வந்த, ஓலெட் இல்லாத முதல் டெக். ஸ்விட்ச் ஓலெட் மண்டபத்து நண்பனுடையது. அவன் வீட்டில் விசைப்படகு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில் கிடக்கும். அப்போது நானும் அவனும் கருவிகளை மாற்றி வைத்துக்கொண்டு விளையாடினோம். காக்காவுக்குச் சொன்னதெல்லாம் அந்த அனுபவத்தில்தான்.

டெக் 669 கிராம், ஸ்விட்ச் ஓலெட் 420 கிராம். கால் கிலோதானே என்று தோன்றும். மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து விளையாடும்போது தூக்கம் வந்து, டெக் என் மூக்கில் விழுந்த அன்றுதான் கால் கிலோ என்றால் என்ன என்று புரிந்தது. ஆனால் உட்கார்ந்து பிடிக்கும்போது கைக்கு அடக்கமாக இருப்பது டெக்தான். ஸ்விட்ச் தட்டையானது, பொத்தான்களும் சின்னவை. ஒரு மணி நேரத்தில் விரல் பிடித்துக்கொள்கிறது.

திரை இரண்டிலும் 7 அங்குலம். இரவில் கரண்ட் போனதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஸ்விட்ச்சில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், என் டெக்கில் சாம்பலாகத் தெரியும். 2023 நவம்பரில் வந்த ஓலெட் டெக்கில் 7.4 அங்குலத் திரை, அந்தக் குறை இல்லை. உச்சி வெயிலில் கடற்கரையில் உட்கார்ந்தால் இரண்டிலுமே நம் முகம்தான் தெரியும்.

பேட்டரிக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு இது: ஸ்விட்ச் ஓலெட் நாலரை முதல் 9 மணி நேரம், என் டெக் 2 முதல் 8, ஓலெட் டெக் 3 முதல் 12. ராமநாதபுரத்தில் சென்னை ரயில் ஏறி டெக்கில் பெரிய கேம் ஒன்றைத் திறந்தால், காரைக்குடி வரும்போது சார்ஜர் தேட வேண்டும். அதற்கு 45 வாட் சார்ஜர் வேண்டும். சாதாரண பவர் பேங்க் செருகினால் 'மெதுவான சார்ஜர்' என்று எச்சரிக்கிறது. ஸ்விட்ச் அந்த அளவுக்குக் கேட்பதில்லை, போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கே போதும்.

சரி, எங்கள் ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி உப்பு. இங்கே ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மின்விசிறி என எதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. இந்த இரண்டு கருவிகளுக்குள்ளும் சின்ன விசிறி உண்டு. அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், காற்றோடு உப்பும் நைஸ் மணலும் போகும். இரண்டையுமே 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மே மாத மதியத்தில் அது நடக்கிற காரியமா? டெக்கின் சிப் 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 105 ஆனால் அணைந்துவிடும். விசிறிச் சத்தமும் அதில்தான் அதிகம்.

ஆனால் டெக்கைத் திறப்பது சுலபம். பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான். நானே திண்ணையில் உட்கார்ந்து கழற்றி, பிரஷ்ஷால் தட்டித் துடைத்து மூடியிருக்கிறேன். ஸ்விட்ச்சில் இருப்பது மூன்று முனை ஸ்க்ரூ. அதற்கான திருப்புளியைத் தேடி மூன்று மொபைல் கடை ஏறி இறங்கினோம், கிடைக்கவில்லை.

ஜாய்ஸ்டிக் விவகாரம் உலகப் பிரசித்தம். ஸ்விட்ச்சின் இரு பக்கமும் கழற்றி மாட்டும் கைப்பிடியான ஜாய்கானில் குச்சியைத் தொடாமலேயே ஆள் தானாக நடக்க ஆரம்பிக்கும் கோளாறுக்கு, நின்டெண்டோ தலைவர் ஃபுருகாவாவே 2020-இல் மன்னிப்புக் கேட்டார். உள்ளே உரசித் தேயும் வகைக் குச்சி அது. டெக்கில் இருப்பதும் அதே வகைதான், ஆனால் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் குச்சி தனியாக வந்துவிடும். ஸ்விட்ச்சுக்கு வேறொரு வசதி: ஜாய்கானை மட்டும் உருவி ரிப்பேருக்கு அனுப்பலாம், புதிதாக ஒரு ஜோடியும் வாங்கலாம். ஜாய்கான் கழன்று வராத சின்ன ஸ்விட்ச்சான ஸ்விட்ச் லைட் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

கேம் விலையில் டெக்கை அடிக்க முடியாது. அதன் இணையக் கடையான ஸ்டீமில் ரூபாயில் வாங்கலாம், தள்ளுபடிக் காலத்தில் பாதி விலைக்கும் கீழே இறங்கும். நின்டெண்டோவின் சொந்த கேம்கள் ஆண்டுகள் போனாலும் 60 டாலரிலேயே நிற்கும், இந்தியாவுக்கென்று அவர்களுக்குக் கடையும் இல்லை. ஆனால் ஸ்விட்ச்சில் கேம் வரும் சின்ன அட்டையான கார்ட்ரிட்ஜை நண்பனுக்குக் கொடுத்து வாங்கலாம், முடித்ததை விற்கலாம். டெக்கில் ஒரு பெரிய கேம் 100 ஜிபி கேட்கும். தினம் 2 ஜிபி போன் டேட்டாவை வைத்துக்கொண்டு எப்போது இறக்கி முடிப்பது? (கார்ட்ரிட்ஜில் வேண்டுமென்றே கசப்பு பூசியிருக்கிறார்கள், குழந்தைகள் விழுங்காமலிருக்க. நான் நக்கிப் பார்த்தேன். வேப்பங்காய் தோற்றது.)

டெக் உண்மையில் ஒரு கம்ப்யூட்டர். கீபோர்டு மாட்டினால் எழுதலாம், படிக்கலாம் என்று லாத்தாவைச் சமாளித்துவிடலாம். ஆனால் பையனின் கூட்டாளிகள் எல்லாரும் விளையாடுவது ஃபோர்ட்நைட் என்ற ஆன்லைன் கேம். அது டெக்கின் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ்ஸில் ஓடாது, ஸ்விட்ச்சில் ஓடும். டிவியில் மாட்டி ஆளுக்கொரு ஜாய்கான் பிடித்தால் அவன் தங்கச்சியும் சேர்ந்து விளையாடலாம்.

2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 பற்றியும் காக்கா கேட்டார். 7.9 அங்குலத் திரை, வேகம் அதிகம், பேட்டரி 2 முதல் ஆறரை மணி நேரம். ஆனால் அதற்கு வரும் கார்ட்ரிட்ஜ்களில் பலவும் வெறும் சாவி மாதிரி, கேமை இணையத்தில்தான் இறக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது.

ஸ்விட்ச் ஓலெட், கூட ஒரு ஜோடி ஜாய்கான், மூன்று முனைத் திருப்புளி ஒன்று. இதைத்தான் எழுதி அனுப்பினேன். "உனக்கு ஒன்றும் வேண்டாமா?" என்று பதில் வந்தது. ஓலெட் டெக் அங்கே என்ன விலை என்று சும்மா விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.