கிட்டாருக்குக் கையில் வந்த பழைய டியூப் ஆம்ப்பா, புது மாடலிங் ஆம்ப்பா?

கையால் வயரிங் செய்த மேட்ச்லெஸ், டாக்டர் இசட் பிராண்டு மாதிரி ஒரு டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) சென்னையில் செகண்ட் ஹேண்டில் கிடைப்பது அபூர்வம். ஒலியை மட்டும் பார்த்தால் அதற்கே என் ஓட்டு. மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தினால் கரகரப்பு. விரலுக்கு அப்படி இணங்கும். பாஸ் நிறுவனத்தின் கட்டானா போல, அந்த ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் மாடலிங் ஆம்ப் பக்கத்தில் வரும், அவ்வளவுதான்.

ஆனால் முதலில் டியூப் ஆம்ப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸ் போவதோடு நிற்காது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். மின்சாரத்தைச் சீராக்கும் பழைய ஃபில்டர் கபாசிட்டர் காய்ந்திருந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கும். ரெசிஸ்டர், கபாசிட்டருக்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு இருக்கிறது. இஎல்84 போன்ற பவர் டியூபைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

கட்டானாவில் இந்தத் தொல்லை இல்லை. ஒலியின் சக்தியை 0.5 வாட்டுக்குக் குறைக்கலாம், ஹெட்ஃபோன் போடலாம். அடுக்குமாடி வீட்டில் 30 வாட் டியூப் ஆம்ப் அதன் நல்ல ஒலிக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். ஆகவே ஃப்ளாட்டில் மட்டும் வாசிப்பவருக்குக் கட்டானாவையே சொல்வேன்.

தனி வீடோ ஒத்திகை அறையோ இருந்தால் டியூப் ஆம்ப்பை வாங்குங்கள். அந்த வயரிங்கைப் பல வருஷம் கழித்தும் பழுதுபார்க்கலாம். பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரம் சூடாக ஓடவிட்டு வாசித்துப் பாருங்கள். படபடப்போ, ஒலி இறங்குவதோ அப்போதுதான் தெரியும்.