ரிப்பன் ஸ்பீக்கருக்கு டிஜிட்டல் கிராஸ்ஓவரா, காயில் கண்டென்சரா?

ஒலியை ஸ்தாயிவாரியாகப் பிரித்து அதற்கேற்ற ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் கிராஸ்ஓவர். ஆம்புக்குப் பிறகு காயிலும் கண்டென்சரும் வைத்துப் பிரித்தால் பாசிவ். ஆம்புக்கு முன்பே கணக்குப் போட்டுப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப் சேனல் கொடுத்தால் டிஜிட்டல். சேலத்தில் ஆம்ப் அசெம்பிள் செய்கிற இரண்டு பேர் சேர்ந்தால் எது நல்லது என்ற சண்டை வராமல் இருக்காது. "பாட்டுக்கு நடுவுல கம்ப்யூட்டர் எதுக்குங்க?" என்பார் ஒருவர். "செம்புக்கம்பிய கிலோ கணக்குல சுத்தி வெச்சு என்னங்க பண்றது?" என்பார் மற்றவர். ஒருவர் ட்வீட்டரை (மேல்ஸ்தாயி ஸ்பீக்கர்) மனதில் வைத்துப் பேசுகிறார், மற்றவர் ஊஃபரை (கீழ்ஸ்தாயி ஸ்பீக்கர்). அதனால் இரண்டு பேர் சொல்வதும் சரி.

ரிப்பன் என்பது ட்வீட்டரில் ஒரு வகை: காந்தங்களுக்கு நடுவே தொங்கும், முடியைவிட மெல்லிய அலுமினியத் தகடு. (சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் மேட்டூரில் அலுமினியமானது. நம்ம ஊருக்கும் இதில் பங்குண்டு!) தகட்டின் மின்தடை ஓமில் ஒரு துளி. அதனால் ட்வீட்டருக்குள்ளேயே சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஊஃபர் மாதிரி இதன் இம்பீடன்ஸ் (ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டும் மின் எதிர்ப்பு) ஸ்தாயிக்கு ஸ்தாயி ஏறி இறங்காது. பாசிவ் கிராஸ்ஓவருக்கு இதைவிடத் தோதான சுமை கிடையாது. 8 ஓம், 3000 ஹெர்ட்ஸ், முதல்நிலை (ஒரே பாகம் உள்ள) ஃபில்டர் என்றால் 6.6 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போதும்.

அதையே 200 ஹெர்ட்ஸில் செய்யப் போனால் 6.4 மில்லிஹென்றி காயிலும் 100 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் வேண்டும். செலவு ஒரு பக்கம், காயிலின் சொந்தத் தடை பாஸை (கீழ்ஸ்தாயி ஒலியை) தளர்த்துவது இன்னொரு பக்கம். டிஜிட்டலில் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபல் வெட்டும் லிங்க்விட்ஸ்-ரைலி என்ற வகைச் சரிவைத் திரையில் தட்டி வாங்கிவிடலாம். ஊஃபரின் ஒலி 5 செ.மீ. பின்னாலிருந்து கிளம்புகிறதா? ரிப்பனை 0.15 மில்லிசெகண்ட் தாமதிக்க வையுங்கள், வேலை முடிந்தது.

ஆனால் டிஜிட்டலில் நடுவே கண்டென்சர் இல்லாமல் ஆம்பை ரிப்பனுக்கு நேரடியாகக் கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. ஏற்காட்டில் கோடை இடிமழையன்று கரண்ட் போய்ப் போய் வரும். டிஜிட்டல் பெட்டியும் ஆம்பும் ஒரே நேரத்தில் உயிர் பெறும்போது வருகிற 'டப்' நேரே தகட்டில் விழும். தொய்ந்த ரிப்பன் தானாக நிமிராது. 33 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைத் தொடரில் போட்டுவிடுங்கள். 8 ஓமுக்கு அது 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைத்தான் வெட்டும், 3000-இல் பிரிக்கிறவருக்குத் தொந்தரவில்லை.

ஆம்பின் இரைச்சல் இன்னொரு விஷயம். பாசிவில் ட்வீட்டரைத் தணிக்கிற ரெசிஸ்டர் அந்த 'ஸ்ஸ்'ஸையும் சேர்த்துத் தணிக்கும். நேரடி இணைப்பில் அது அப்படியே வரும். வண்டிச் சத்தம் ஓயாத சேலம் ஐந்து ரோட்டில் வீடென்றால் காதில் விழாது, ஏற்காட்டு ராத்திரியில் விழும்.

மூன்று வழி ஸ்பீக்கர் (ஊஃபர், நடு ஸ்தாயிக்கு மிட், ரிப்பன்) என்றால் நான் ஊஃபரை மட்டும் டிஜிட்டலில் பிரித்து, மிட்டுக்கும் ரிப்பனுக்கும் இடையே பாசிவை விடுவேன். ஸ்டீரியோவுக்கு ஆறு சேனல் ஆம்புக்குப் பதில் நாலு போதும். மிச்சப் பணத்தில் முதலில் அளக்கிற மைக் ஒன்று வாங்குங்கள். அது இல்லாமல் டிஜிட்டல் பெட்டியைத் திருகுவது குருட்டு வேலை.